முடி உதிர்வு: காரணம் தெரிந்த பிறகே வைத்தியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பகுதியில் நீண்ட காலமாக மருந்துக்கடை நடத்திவரும் மருந்தாளுநர் நான். முடி உதிர்வைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லவும், அது தொடர்பான விளம்பரங்கள் குறித்துத் தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மருத்துவரின் சீட்டோடு கடைக்கு வருகிறவர்கள், முடிக்கு மட்டும் சீட்டு இல்லாமல் வந்து, கைப்பேசியில் பார்த்த ஒரு குப்பியின் படத்தை நீட்டி, "அண்ணே, இந்த எண்ணெய் இருக்கா?" என்று கேட்கிறார்கள். ஒன்று பலிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறொரு குப்பி. எதனால் உதிர்கிறது என்று ஒரு மருத்துவரிடமும் கேட்காமலேயே சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் இப்படிச் செலவழிக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். முடி உதிர்வு என்பது பல காரணங்களால் வரும் ஓர் அறிகுறி என்பதையும், காரணத்துக்கு ஏற்ப வைத்தியம் முற்றிலும் மாறும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதே என் கவலை.

முதலில் இயல்பான உதிர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே வளர்ந்து, ஓய்ந்து, விழுந்து, அதே வேர்ப்பையிலிருந்து மறுபடியும் முளைக்கிறது. வளரும் பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை நீடிக்கும். பிறகு இரண்டு மூன்று வாரங்கள் வேர் சுருங்கும். அதன் பின் மூன்று மாதங்கள் போல ஓய்வு. ஓய்வு முடிந்த முடி விழுந்தே தீரும். எனவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் தலைக்குக் குளிக்கும் பெண்ணுக்கு, இடைப்பட்ட நாள்களில் விழ வேண்டிய முடியும் சேர்ந்து அன்றைக்கே வரும். நீளக் கூந்தல் என்பதால் அது சுருண்டு பெரிய உருண்டையாகத் தெரியும். துவர்த்தில் (துண்டில்) ஒட்டியிருப்பதை எண்ணிக் கலங்குவதைவிட, வகிடு அகலமாகிறதா, சடையின் பருமன் குறைகிறதா, நெற்றியோரம் பின்னுக்கு ஏறுகிறதா, எங்கேனும் வட்டமாக வெறுமை தெரிகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். ஆறு மாதங்களுக்கு முன் எடுத்த ஒரு புகைப்படத்தோடு ஒப்பிட்டால் இதைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. காலத்தை அவர்கள் மிகச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் அளவு கூடியிருப்பதால், வழக்கமாக ஓய்வுக்குப் போக வேண்டிய முடிகளும் போகாமல் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் மசக்கை தீர்ந்த பிறகு பல பெண்களுக்குக் கூந்தல் அடர்த்தியாகத் தோன்றுகிறது. பேறு முடிந்ததும் அந்த அளவு சட்டென்று இறங்க, நிலுவையில் இருந்த முடிகளெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழுகின்றன. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் அந்தச் சமயத்தை ஒட்டித்தான். இதற்குத் தனி மருந்து தேவைப்படுவதில்லை. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். பால் கொடுக்கும் தாய் இந்த நேரத்தில் கண்ட தைலங்களையும் மாத்திரைகளையும் தேடி ஓடாமல், நன்றாகச் சாப்பிட்டு, மருத்துவர் தந்த இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் எடுத்துக்கொண்டாலே போதும்.

கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் எடையைக் குறைத்தல், தாங்க முடியாத துக்கம் ஆகியவற்றுக்குப் பிறகும் இதுவே நிகழ்கிறது. டெங்குவோ கொரோனாவோ வந்து குணமான இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக விழும்போது, அந்தக் காய்ச்சல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. போன வாரம் மாற்றிய சோப்பின் மீதோ, புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் மீதோ பழி விழுகிறது. முடி உதிர்வுக்கான காரணத்தைத் தேடுகிறவர்கள் நேற்றைய நாளை விட்டுவிட்டு மூன்று மாதம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். இத்தகைய உதிர்வு தானாக நிற்கக்கூடியது என்பதால், அந்தச் சமயத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் அந்த எண்ணெயே குணப்படுத்தியதாக எல்லோருக்கும் தோன்றும். பல விற்பனைகள் இந்தத் தற்செயலின் மீதுதான் நடக்கின்றன.

பெண்களைப் பொறுத்தவரை நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இரத்தச் சோகையை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. அதாவது இருவரில் ஒருவருக்கும் மேல். நம் மாவட்டத்து முந்திரி ஆலைகளில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களைப் பாருங்கள். காலையில் ஒரு சாயா, மதியம் மரச்சீனிக் கிழங்கோ சோறோ, சாப்பிட்ட கையோடு இன்னொரு சாயா. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், உணவில் இருக்கும் இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவது, வெளிறிய நகம், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றோடு முடியும் உதிர்கிறதென்றால், முதல் செலவு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இருப்பாக உள்ள இரும்புச் சத்தின் அளவு), தைராய்டு ஆகிய இரத்தப் பரிசோதனைகளுக்கே போக வேண்டும். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் முடி உதிரும்; சரியான அளவில் மருந்து எடுத்தால் மெல்ல மீளும். மாதவிடாய் தள்ளிப் போவதும், முகத்தில் முடி வளர்வதும், முகப்பருவும் சேர்ந்திருக்கும் இளம்பெண்ணுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டும். உணவைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: முடி புரதத்தால் ஆனது. கிழங்கோடு சாளையோ நெத்திலியோ தட்டில் இருக்கும் வரை நம் ஊர்ச் சாப்பாட்டில் குறையில்லை. மீன் விலை ஏறும் மாதங்களில் கிழங்கு மட்டுமே தங்கிவிடுகிற வீடுகளில் பயறு, முட்டை, முருங்கைக் கீரை ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆண்களுக்கு வரும் வழுக்கையின் கதை வேறு. நெற்றியின் இருபுறமும் ஏறி, உச்சியில் வட்டமிட்டு, பின்னந்தலையில் மட்டும் பிறை போல முடி மிஞ்சும் இந்த வகைக்குப் பரம்பரையும் ஆண் ஹார்மோனுமே காரணம். டெஸ்டோஸ்டீரோன் உடலில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாறுகிறது. மரபுவழியில் அதனால் எளிதில் பாதிக்கப்படும் தன்மையுள்ள வேர்ப்பைகள் அதன் தாக்கத்தால் சிறுகச் சிறுகச் சுருங்கி, தடித்த முடிக்குப் பதிலாகப் பூனைமுடி போன்ற மெல்லிய முடியை வளர்க்கத் தொடங்குகின்றன. தாய்வழி, தந்தைவழி இரண்டிலிருந்தும் இது வரலாம். நம் மாவட்டத்தில் இதைப் புரிந்துகொள்ள விடாமல் தடுக்கும் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் முதல் விடுப்பில் வரும்போது நெற்றி ஏறியிருப்பதைப் பார்த்து, அங்குள்ள தண்ணீரே காரணம் என்று வீடே முடிவு செய்துவிடுகிறது. அவர்கள் விமானம் ஏறுகிற இருபதுகளின் தொடக்கம்தான் பரம்பரை வழுக்கையும் தலைகாட்டுகிற வயது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரிலேயே தங்கி, குளத்துத் தண்ணீரில் குளித்து வளர்ந்த அண்ணனுக்கும் அதே வயதில் அதே இடத்தில் முடி போயிருக்கும். கடலோரக் கிணறுகளின் உப்புத் தண்ணீரும் கடினநீரும் முடித்தண்டை வறட்டி, சிக்காக்கி, நடுவில் ஒடியச் செய்யும் என்பது உண்மை. அவை வேர்ப்பையைச் சுருக்கி வழுக்கையை உண்டாக்குவதில்லை. தண்ணீரைக் குற்றம் சொல்லிக்கொண்டே நான்கைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டால், மருந்து நன்றாக வேலை செய்யக்கூடிய காலம் கைநழுவிவிடுகிறது.

இந்த வகைக்கு நிரூபிக்கப்பட்ட மருந்துகள் சிலவே. உயர் இரத்த அழுத்தத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மினாக்சிடில், அதை உட்கொண்டவர்களுக்கு முடி வளர்ந்ததைக் கவனித்த பின் தலையில் தடவும் மருந்தாக்கப்பட்டு, 1988இல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றது. என் கடையில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். ஓர் இளைஞர் இந்தக் குப்பியை வாங்கிப் போவார். மூன்றாம் வாரம் பாதிக் குப்பியோடு திரும்பி வந்து, "இதைப் போட்ட பிறகுதான் முடி கூடுதலா போவுது" என்று கோபத்தோடு வைப்பார். ஓய்வில் இருந்த பழைய முடிகளைத் தள்ளிவிட்டுப் புது முடிகள் கிளம்புவதால் முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவது இந்த மருந்தின் இயல்பு. அதை எடுத்துச் சொல்லி, நான்கு முதல் ஆறு மாதம் வரை விடாமல் தடவினால்தான் பலனை மதிப்பிட முடியும் என்று விளக்கி அனுப்புவேன். பலன் கிடைத்த பிறகு நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்ததெல்லாம் போய்விடும் என்பதையும் வாங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் பூனை வளர்ப்போர் மருந்து ஈரமாக இருக்கும்போது பூனையை அருகில் விடக்கூடாது. சிறிதளவு நக்கினாலும் பூனையின் உயிருக்கே ஆபத்து.

ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, நான் மேலே சொன்ன ஹார்மோன் மாற்றத்தைக் குறைத்து வேலை செய்கிறது. 1997இல் ஆண்களின் வழுக்கைக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை யாரும் கேட்கவும் கூடாது, யாரும் கொடுக்கவும் கூடாது. சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறைவதும் மனச்சோர்வும் ஏற்படலாம். வயிற்றிலிருக்கும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியை இது பாதிக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. இதை உட்கொள்ளும் ஆண்கள் நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை இரத்த தானம் செய்யக்கூடாது. புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையின் அளவை இது ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், நடுத்தர வயதைக் கடந்தவர்கள் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நண்பர் சொன்னார் என்று வாங்கி விழுங்குகிறவர்களுக்கு இவற்றில் ஒன்றும் தெரிந்திருப்பதில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் தலையில் காணும் வட்ட வெறுமையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதியாக வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவள் தாயார் கடைக்கு அழைத்து வந்தார். காதுக்கு மேலே நாணயம் அளவுக்கு வழுவழுப்பான வெறுமை. அதை மறைக்க அந்தப் பிள்ளை பக்கத்து முடியை இழுத்து மூன்று ஊசிகள் குத்தியிருந்தாள். பூச்சி கடித்திருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டியதில் தோல் வெந்து கொப்புளமாகியிருந்தது. புழுவெட்டு என்று நாம் சொல்லும் இதில் பூச்சிக்கோ புழுவுக்கோ பங்கில்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் முடிவேர்களையே தாக்குவதால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. சிறு அளவிலானது பலருக்கு ஓராண்டுக்குள் தானே முளைத்துவிடும். தேவைப்பட்டால் தோல் மருத்துவர் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார் அல்லது பூச்சு தருவார். தலை முழுவதும் பரவும் கடுமையான நிலைக்கு, 2022இல் அமெரிக்காவில் பாரிசிடினிப் என்ற மாத்திரை பெரியவர்களுக்கு ஒப்புதல் பெற்றது. தீவிரக் கண்காணிப்போடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. இதற்கு மாறாக, வெறுமையான இடத்தில் செதிலும் அரிப்பும் இருந்து, முடி அடியோடு ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. சீப்பு, துவர்த்து, தொப்பி வழியே இன்னொரு பிள்ளைக்கும் பரவும். பூஞ்சை வேர்ப்பைக்குள் இருப்பதால் களிம்பு மட்டும் போதாது. பல வாரங்கள் மாத்திரை தேவை. பார்வைக்கு ஒத்திருக்கும் இந்த இரண்டுக்கும் ஒரே கைவைத்தியத்தைச் செய்வதால் பிள்ளைகள் படும் வேதனை கொஞ்சமல்ல. ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: ஈரத்தலையை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டும் இரட்டைச் சடையால் நெற்றியோரத்து முடி நாளடைவில் வேரோடு தளர்ந்துவிடுகிறது. சற்றுத் தளர்வாகப் பின்னிவரும் பிள்ளையைக் கண்டிக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெயை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு பெற்ற மாவட்டம் நம்முடையது. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவி, தலைக்குக் குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்பது ஆய்வில் தெளிவான உண்மை. ஆகவே முடி ஒடியாமல் இருக்க அது உதவும். சுருங்கிய வேர்ப்பையைப் பெரிதாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அதனோடு எத்தனை மூலிகையைக் காய்ச்சினாலும் பரம்பரை வழுக்கையில் முடி முளைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. செக்கில் ஆட்டிய சாதாரண எண்ணெயே இந்தப் பயனைத் தருகையில், பல மடங்கு விலையுள்ள குப்பிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படியே. நேர்ச்சைக்காகத் திருச்செந்தூரில் முடி இறக்குவது அவரவர் பக்தி. ஆனால் தோலுக்கு மேலே இருப்பதை மழிப்பதால் தோலுக்குள் இருக்கும் வேர் மாறாது. தலைக்கவசமும் வழுக்கையை உண்டாக்காது. அந்தச் சாக்கைச் சொல்லி இருசக்கர வாகனத்தில் வெறுந்தலையோடு போகும் இளைஞர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைகளின் விற்பனையும் பெருகிவிட்டது. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. அதைவிடக் கவலைக்குரியது, அதிக அளவிலான பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டக்கூடும் என்பது. இதைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. இரத்தம் கொடுக்கும் முன் இந்த மாத்திரையைப் பற்றி ஆய்வகத்தில் சொல்லுங்கள். முடி மாற்று அறுவை சிகிச்சையை நாடுவோர், செய்பவர் தோல் மருத்துவரா அல்லது அதில் பயிற்சி பெற்ற அறுவை சிகிச்சை மருத்துவரா என்று பதிவு எண்ணைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். தலையில் வலி, சீழ், எரிச்சல் ஆகியவற்றோடு முடி போய், அந்த இடம் வேர்த்துளையே தெரியாமல் பளபளத்தால் ஒரு வாரமும் காத்திருக்கக் கூடாது. அங்கே வேர்ப்பை அழிந்து தழும்பாகிறது, அழிந்தது திரும்பாது.

இதற்கெல்லாம் பெரும் செலவு ஆகும் என்று தயங்க வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். ஆயுர்வேதத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்குக் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது கடந்த ஆறு மாதத்தில் வந்த நோய்கள், எடுத்துவரும் எல்லா மாத்திரைகள், உடல் எடையில் மாற்றம், பெண்கள் எனில் மாதவிடாய் விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும். வலிப்புக்கும் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் எடுக்கும் சில மருந்துகளாலும் முடி உதிரலாம். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதால் மருத்துவரிடம் சொல்லி மாற்று கேட்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, இனி தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள். 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் உள்ள ஜே அட்டவணை, எந்தெந்த நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்று பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் வழுக்கையும், புது முடி வளர்த்தலும், இளநரையும் இடம்பெற்றுள்ளன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்காகத் தயாரிப்பாளர் மீதும் அதில் தோன்றிப் பரிந்துரைப்பவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இருந்தும் 'ஒரே மாதத்தில் வழுக்கைக்கு விடை' என்ற பாணியில் விளம்பரங்கள் பேருந்து நிலையச் சுவரிலிருந்து பத்திரிகைப் பக்கம் வரை வந்துகொண்டுதான் இருக்கின்றன. கைப்பேசியில் வருவதை நம்பாத பெரியவர்களும் அச்சில் வந்ததை நம்புகிறார்கள். தங்கள் நாளிதழ் மீது அவர்கள் வைத்திருக்கும் அந்த நம்பிக்கையை விற்பனையாளர்கள் பயன்படுத்திக்கொள்ள விடக்கூடாது. முடி வளர்ப்பதாகச் சொல்லும் விளம்பரம் வந்தால், உற்பத்தி உரிம எண்ணையும் அந்த உரிமைகோரலுக்கான சான்றையும் கேட்டுப் பெற்ற பின்னரே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கும் ஒரு பகுதியைச் சில வாரங்களுக்கேனும் தங்கள் மாவட்டப் பதிப்பில் வெளியிட்டால், அந்தப் பக்கத்தை வெட்டி என் கடை முகப்பில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவைப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மருந்தாளுநர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.